ரிபேரோ என்றால் துப்பாக்கி மட்டும்தானா?

22 மார்ச் 2021, காலை

“அண்ணே, சரத் பவார் நேற்று பேர் சொன்ன அந்த ரிபேரோ யாரு? பஞ்சாபில் தோட்டாவுக்குத் தோட்டா என்று இறங்கி அடித்தவர்தானே? அவர் மாதிரி நாலு பேர் இருந்தால் மும்பை போலீஸ் இந்த நிலைமைக்கு வந்திருக்குமா?”

தம்பி கேட்டதில் முதல் பாதி சரி. ஆள் அவர்தான். ஜூலியோ பிரான்சிஸ் ரிபேரோ. 1929 மே 5-ல் பம்பாயில் பிறந்தவர், குடும்பத்துக்குப் பூர்வீகம் கோவா. 1953-ல் ஐ.பி.எஸ்., மகாராஷ்டிரப் பிரிவு. 1982 முதல் 1985 வரை பம்பாய் போலீஸ் கமிஷனர். பிறகு சிறிது காலம் மத்திய ரிசர்வ் போலீஸுக்குத் தலைவர். இட ஒதுக்கீட்டுக் கலவரம் மதக் கலவரமாக மாறிக் குஜராத் எரிந்துகொண்டிருந்தபோது அங்கே அனுப்பினார்கள். 1986 மார்ச்சில், காலிஸ்தான் தீவிரவாதம் நடந்துகொண்டிருந்த பஞ்சாபுக்குப் போலீஸ் தலைவர். 1987-ல் பத்ம பூஷண். 1989-லிருந்து 1993 வரை ருமேனியாவில் இந்தியத் தூதர்.

இப்போது அவர் பேர் அடிபடும் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 17-ந்தேதி பரம்பீர் சிங்கைக் கமிஷனர் நாற்காலியிலிருந்து எடுத்து ஊர்க்காவல் படைக்கு அனுப்பினார்கள். 20-ந்தேதி அவர் முதல்வருக்குக் கடிதம் எழுதினார், உள்துறை அமைச்சர் மாதம் நூறு கோடி வசூல் செய்யச் சொன்னார் என்று. அமைச்சர் அனில் தேஷ்முக் மறுக்கிறார். ரிபேரோ போன்ற ஒருவர் விசாரிக்கட்டும் என்றார் தேஷ்முக்கின் கட்சித் தலைவர் பவார். ரிபேரோ, என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் இந்த வயதில் முடியாது என்று முடித்துவிட்டார்.

இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மனிதரைத் துப்பாக்கியோடு சேர்த்து ஞாபகம் வைத்திருப்பது அவருக்கும் நியாயமில்லை, மும்பைக்கும் நியாயமில்லை. மார்ச் கணக்கு முடிக்கிற நேரம், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. இரவு எழுதுகிறேன்.

22 மார்ச், இரவு

பஞ்சாபை விடுங்கள். 1982-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் அப்பா மும்பை நாய்காவில் இட்லிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பக்கத்திலேயே ஆயுதப் படைத் தலைமையகம். போலீஸ்காரர்கள் குடியிருக்கும் பி.டி.டி. சால்களும் கூப்பிடு தூரம்தான். 1920-களில் பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் கட்டிய கட்டடங்கள் அவை. ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, 160 சதுர அடி. கக்கூஸ் அந்த மாடிக்கே பொது. அந்த அறையில் கணவன், மனைவி, பிள்ளைகள், சாத்தாராவிலிருந்தோ ரத்னகிரியிலிருந்தோ வேலை தேடி வந்த தம்பி என்று எல்லோரும் இருப்பார்கள். ராத்திரி டூட்டி முடிந்து வருகிறவர் படுக்க இடம் வேண்டுமென்றால் பிள்ளைகள் எழுந்து வராந்தாவுக்குப் போக வேண்டும். விடிகாலையில் பல் துலக்கிக்கொண்டே அப்பா கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும் போலீஸ்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் உட்கார இடமில்லை, அவ்வளவுதான்.

கடனுக்குத்தான் சாப்பிடுவார்கள். முதல் தேதி சம்பளம் வந்ததும் கொடுப்பார்கள். அப்பாவின் கடன் நோட்டில் பெயர் இருக்காது. பாட்டீல் என்றால் அங்கே இருபது பாட்டீல், ஜாதவ் என்றால் முப்பது ஜாதவ். அதனால் பக்கல் நம்பரை எழுதுவார். இடுப்பு பெல்ட்டில் பித்தளையில் பொறித்திருக்கும் எண். இலக்கத்துக்கு எதிரே தமிழில் “இட்லி 4, டீ 1”. பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் அப்பா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

1982-ல் அவர்கள் கேட்டது என்ன? சம்பளம், வீடு, வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு, அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் போலீஸ்காரனை அனுப்பாதே என்பது. சங்கம் இருந்தது, போலீஸ் கர்மசாரி சங்கடனா. ஆகஸ்ட் 15 அன்று கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு டூட்டிக்குப் போனார்கள். 18-ந்தேதி விடிவதற்குள் சங்கத் தலைவர்களைக் கைது செய்தார்கள். காலையில் போலீஸ்காரர்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தின் மில் வேலைநிறுத்தம் ஜனவரி 18-லிருந்தே நடந்துகொண்டிருந்தது, பரேல், லால்பாக், வர்லி எல்லாம் வேலையில்லாத மில் தொழிலாளிகள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரயில் நின்றது. கடைகளை உடைத்தார்கள். ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

நான் எட்டாம் வகுப்பு. அன்றைக்கு அப்பாவோடு கடையில் இருந்தேன். அரைத்த மாவை அடுக்கோடு தலையில் தூக்கிக்கொண்டு தாதர், மாட்டுங்கா வழியாகத் தாராவிக்கு நடந்தே வந்தோம். வழியில் ஒரு போலீஸ் சௌக்கியில்கூட ஆள் இல்லை. போலீஸ் இல்லாத மும்பை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போலீஸைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வருகிறது.

அந்த நேரத்தில் கமிஷனர் ரிபேரோ. சங்கத்தின் அங்கீகாரம் ரத்தானது. பலரை வேலையை விட்டு நீக்கினார்கள். முடிவு எடுத்தது முதல்வர் பாபாசாஹேப் போஸ்லேயின் அரசாங்கம், நிறைவேற்றும் இடத்தில் இருந்தவர் கமிஷனர். அப்பாவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. நோட்டில் சில எண்களுக்கு எதிரே கடன் அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். “சாப்பிட்டவன் ஏமாத்தலடா, சோத்துல மண்ணு விழுந்துபோச்சு” என்பார் அப்பா. கடைசிவரை அவருக்கு ரிபேரோ பெயர் பிடிக்காது.

23 மார்ச்

“கடையை உடைத்துக் கொள்ளையடித்த போலீஸ்காரனுக்கு என்ன பரிவு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொள்ளையடித்தவனைத் தண்டிக்கட்டும், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சீருடை போட்டவன் கலவரம் செய்தால் தண்டனை இரண்டு மடங்காகக்கூட இருக்கட்டும். ஆனால் கேட்ட கோரிக்கை ஒவ்வொன்றும் நியாயம். 12 மணி நேர டூட்டி 1982-க்குப் பிறகும் அப்படியே ஓடியது. எட்டு மணி நேர ஷிப்ட் 2016 மே மாதம்தான், அதுவும் தேவனார் ஸ்டேஷனில் மட்டும், சோதனையாக ஆரம்பித்தது. யோசனை கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த ஒரு கான்ஸ்டபிள். அதைக் காது கொடுத்துக் கேட்டவர் அப்போதைய கமிஷனர் தத்தா பட்சல்கிகர். முப்பத்து நாலு வருஷம் போயிருக்கிறது.

சங்கம் வைக்க உரிமை உண்டா என்று இன்னொரு கேள்வி. 1966-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று போலீஸ்காரர்கள் அரசின் அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேர முடியாது என்கிறது. அதனால்தான் அங்கீகாரத்தைப் பிடுங்கியதும் எல்லாம் முடிந்துபோனது.

27 மார்ச்

நினைத்த மாதிரியே பேச்சு அந்தக் கால தாதா வரதாபாய் பக்கம் போய்விட்டது. தாராவித் தமிழர் நாலு பேர் கூடினால் அது நடக்காமல் இருக்காது.

“வரதராஜ முதலியாரை ஊரை விட்டு விரட்டியது ரிபேரோதான்” என்று எழுதியவருக்கு: நேரடியாக மோதியவர் ஒய்.சி. பவார், துணை கமிஷனர். சாராயப் பானைகளை உடைத்தது, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து கணபதிப் பந்தலைச் சுருக்கியது எல்லாம் அவர் பெயரோடு சேர்ந்தவை. வரதராஜன் சென்னைக்குப் போய்விட்டார், 1988-ல் அங்கேயே இறந்தார். அந்த வேட்டையின் தொடக்க காலத்தில் ரிபேரோ கமிஷனர் என்பது சரி. கீழே இருப்பவன் வேலை செய்யும்போது மேலேயிருந்து போன் போட்டு நிறுத்தாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. அந்த வருடங்களில் கறுத்த நிறமும் தமிழ் வாடை அடிக்கும் இந்தியும் இருந்தால் சௌக்கியில் முதல் கேள்வியே “தூ வர்தா கா ஆத்மி ஹை க்யா?” (நீ வரதாவின் ஆளா?) என்பதுதான். ரேஷன் கார்டு தொலைந்துபோனதை எழுதிக் கொடுக்கப் போன என் சித்தப்பாவை ஒரு சௌக்கியில் சாயங்காலம் வரை தரையில் உட்கார வைத்தார்கள். தோல் பட்டறையில் வேலை பார்த்த மனிதர், சாராயத்தைத் தொட்டதில்லை. தாதா போனதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் தாதாவைத் துரத்திய போலீஸ் தாராவிக்கு நண்பனாகிவிடவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டாவது வேலைதான் கஷ்டம். அதைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும்.

3 ஏப்ரல்

பஞ்சாபைத் தவிர்க்கிறேன் என்று குற்றச்சாட்டு. சரி, எழுதிவிடுகிறேன்.

அவர் போன 1986-ல் முதல்வர் சுர்ஜித் சிங் பர்னாலா. நம் ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பிறகு இரண்டு முறை தமிழ்நாட்டு கவர்னராக இருந்தவர், 1991-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க அறிக்கை தர மறுத்தவர். 1986 அக்டோபர் 3-ந்தேதி ஜலந்தரில் போலீஸ் வளாகத்துக்குள்ளேயே, போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் ரிபேரோவைச் சுட்டார்கள். அவருக்கும் காயம், மனைவிக்கும் காயம். 1988-ல் கே.பி.எஸ். கில் போலீஸ் தலைவரானார், ரிபேரோ கவர்னர் சித்தார்த்த சங்கர் ராயின் ஆலோசகரானார். ருமேனியாவுக்குத் தூதராகப் போன பிறகும் விடவில்லை. 1991 ஆகஸ்டில் புகாரெஸ்டில் மறுபடி சுட்டார்கள். அதிலும் பிழைத்தார். அந்த அக்டோபரில் டெல்லியில் ருமேனியத் தூதரக அதிகாரி ஒருவரைக் கடத்தியதும் இதன் தொடர்ச்சிதான்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்ட மனிதரின் துணிச்சலைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டாவுக்குத் தோட்டா என்ற சொல் ஒரு கொள்கையாக மாறும்போது யார் யாரோ சாகிறார்கள். அமிர்தசரஸ் வட்டாரத்தில் 1984-க்கும் 1994-க்கும் நடுவில் சட்டத்துக்கு விரோதமாக எரிக்கப்பட்ட உடல்கள் 2,097 என்று சி.பி.ஐ. கண்டுபிடித்து, தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. அந்தக் கணக்கைத் தோண்டி வெளியே கொண்டுவந்த ஜஸ்வந்த் சிங் கால்ராவையே 1995-ல் போலீஸ்காரர்கள் கடத்திக் கொன்றார்கள். பெரும்பகுதி ரிபேரோ பஞ்சாபை விட்டுப் போன பிறகு நடந்தது. ஆனாலும் அவர் இருந்த வருடங்களும் அந்தப் பத்து வருடத்துக்குள்தான் வருகின்றன. “அவர் மாதிரி நாலு பேர் வேண்டும்” என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

இதை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு மறுயோசனை வந்தது. ஜலந்தரில் தன் வளாகத்துக்குள்ளேயே போலீஸ் உடுப்பில் வந்தவன் சுட்டால், அடுத்த நாள் காலை அதே ஆபீஸுக்கு எப்படிப் போவது? வாசலில் நிற்கும் காவலர் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினாலே உடம்பு பதறாதா? எனக்கு விடை தெரியாத கேள்வி இது. தாராவியில் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆனாலும் 2,097 என்ற எண்ணை அழிக்க மாட்டேன்.

6 ஏப்ரல்

நேற்று தேஷ்முக் ராஜினாமா. ஹைகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்ட கையோடு.

இந்த நாடகம் முழுவதற்கும் வேர் ஒன்றே ஒன்று: டிரான்ஸ்பர். எந்த ஸ்டேஷனுக்கு எந்த இன்ஸ்பெக்டர் என்பதை அமைச்சர் தீர்மானித்தால், அந்த இன்ஸ்பெக்டர் அமைச்சருக்குக் கடன்பட்டவராகிறார். கடனை எங்கே அடைப்பார்? பார், ஹோட்டல், நடைபாதைக் கடை. என் அப்பா கடையிலிருந்தும் வாரா வாரம் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். இட்லிக்குக் கடன் சொல்லித் திருப்பிக் கொடுத்த சிப்பாய்களை அப்பா மனிதர்களாகப் பார்த்தார், அந்த வாரக்காரரைக் கண்டாலே முகம் சுண்டிவிடும்.

ரிபேரோவின் பெயர் இங்கேயும் வருகிறது, ஆனால் இந்த இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. 1977-ல் அமைத்த தேசிய போலீஸ் கமிஷன், தரம் வீரா தலைமையில், எட்டு அறிக்கை கொடுத்தது. எல்லாம் அலமாரியில் தூங்கியது. 1996-ல் முன்னாள் போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கின்போதுதான் ரிபேரோ தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1998-லும் 1999-லும் இரண்டு அறிக்கை கொடுத்தார். எழுபது வயதில் உட்கார்ந்து செய்த வேலை. 2006 செப்டம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது: போலீஸ் தலைவருக்கும் ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம், இடமாற்றத்தை முடிவு செய்ய அதிகாரிகள் வாரியம், விசாரணை தனி, சட்டம் ஒழுங்கு தனி, பொதுமக்கள் புகார் கொடுக்க ஒரு தனி ஆணையம்.

பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. மாநிலங்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் திரித்துச் சட்டம் போட்டன. எந்தக் கட்சி ஆண்டாலும் டிரான்ஸ்பர் அதிகாரத்தை மட்டும் கையை விட்டுக் கொடுப்பதில்லை. நூறு கோடி உண்மையா பொய்யா என்று கோர்ட் சொல்லட்டும். நோய் அதுவல்ல.

18 ஏப்ரல்

மறுபடி ஊரடங்கு. ஆபீஸ் இல்லை. சொல்வேன் என்று சொன்ன இரண்டாவது வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

1992 டிசம்பர் 6. மசூதி இடிந்த அன்றே தாராவியில் வெற்றி சைக்கிள் ஊர்வலம் விட்டார்கள், காலா கில்லாவில் கூட்டம் போட்டார்கள். கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கையிலேயே இருக்கிறது. பிறகு டிசம்பரிலும் ஜனவரியிலும் நடந்ததில் நகரம் முழுக்கச் செத்தவர்கள் 900 பேர். முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, மீதி மற்றவர்களும் அடையாளம் தெரியாதவர்களும். தாராவியில் தமிழ் இந்துவும் தமிழ் முஸ்லிமும் ஒரே திருநெல்வேலிப் பேச்சுப் பேசுகிறவர்கள், ஒரே தோல் தொழில். எங்கள் சந்தில் மாமா, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள் அந்த இரண்டு மாதம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். போலீஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. அதைப் படிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும்.

1993-ல் சதீஷ் சாஹ்னி கமிஷனராக இருந்தார். அவரும், ருமேனியாவிலிருந்து திரும்பிய ரிபேரோவும், வேறு சில குடிமக்களும் சேர்ந்து வளர்த்தெடுத்ததுதான் மொஹல்லா கமிட்டிகள். ஒவ்வொரு பகுதியிலும் இந்து, முஸ்லிம், போலீஸ் மூவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும், மாதா மாதம். அவ்வளவுதான் திட்டம். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும்.

எங்கள் பகுதிக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கும். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் சப்-இன்ஸ்பெக்டர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் யாரும் வாயே திறக்கவில்லை. டீ வரும், குடிப்போம், போவோம். மௌனத்தை உடைத்தது மதமோ அரசியலோ இல்லை, குழாய். ஒரு முஸ்லிம் பாட்டி எழுந்து, விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள், அந்த நேரத்தில் வெளியே வரும் பெண்பிள்ளைகளைக் குடிகாரன்கள் கேலி செய்கிறான்கள், உங்கள் ரோந்து எங்கே போயிற்று என்று தமிழில் கேட்டார். அவருக்கு இந்தி வராது. மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர் எதிர்வீட்டு இந்துப் பெண், கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாட்டியோடு பேசாமல் இருந்தவர். சப்-இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த நாள் நாலு மணிக்குக் குழாயடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். செய்தி தாராவி முழுக்கப் பரவிவிட்டது. பிறகு கூட்டத்தில் யாரையும் அடக்க முடியவில்லை.

கணபதி கரைக்கும் நாளில் மசூதித் தெருவில் கைகோத்து நின்றது முஸ்லிம் பையன்கள். மொகரம் ஊர்வலத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டது நாங்கள். அமைதிக் கிரிக்கெட் என்று போட்டி வைத்தார்கள், போலீஸும் பேட்டைப் பையன்களும் கலந்து ஆடினார்கள். வதந்தி வந்தால் ராத்திரி எந்த நேரமும் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இது முக்கியம். கலவரம் பெரும்பாலும் வதந்தியின் முதல் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் தட்டுவதற்குக் கதவு இருந்தால் பாதி அணைந்துவிடும்.

இதற்கு மெடல் கிடையாது. எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது. நடக்காத கலவரத்தை யார் எண்ணுவது? இரண்டு முறை சுடப்பட்டு, தூதராக இருந்துவிட்டு வந்த மனிதர், அறுபத்து நாலு வயதில் இந்த டீ குடிக்கும் கூட்டங்களுக்காக அலைந்தார் என்பதுதான் எனக்கு ரிபேரோ. 

18 ஏப்ரல், இரவு

“அப்படியானால் 1982-ஐ மன்னித்துவிட்டீர்களா?” என்று தம்பி கேட்கிறான்.

இல்லை. நான் மன்னிக்க வேண்டிய விஷயமும் இல்லை அது. வேலை இழந்த சிப்பாய்கள் பேச வேண்டியது. அப்பாவும் நானும் இதில் ஒத்துப்போனதே இல்லை. மொஹல்லா கமிட்டிக் கூட்டத்துக்கு நான் போகும்போதெல்லாம் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், கூடவும் வர மாட்டார். சிப்பாய்க்கு வீடும் தூக்கமும் கொடுக்காமல் அவனைப் பொதுமக்களோடு அன்பாக இரு என்று சொல்வதில் என்ன நியாயம் என்பது அவர் வாதம். அதற்கு இன்றுவரை என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு குட்டை பெஞ்சில் உட்கார்ந்து குழாய்த் தகராறைக் கேட்க எத்தனை பேரால் முடியும்?

1 மே

சோலி சொராப்ஜி நேற்று கோவிடில் போய்விட்டார். 2006-ல் மாதிரி போலீஸ் சட்டத்தை எழுதிக் கொடுத்த குழு அவர் தலைமையில்தான் இயங்கியது. 1861 சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்க வேண்டியது. தரம் வீரா, ரிபேரோ, சொராப்ஜி என்று ஒருவர் பின் ஒருவராக எழுதி வைத்துவிட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் யாரும் நிற்கவில்லை.

போன வருஷம் ஏப்ரலில் இதே கோவிடில் கான்ஸ்டபிள்கள் சாக ஆரம்பித்த பிறகுதான் 55 வயது தாண்டியவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இப்போது தொண்ணூறடி சாலை முனையில் தடுப்பு வைத்து நிற்கும் பையனுக்கு இருபத்தைந்து இருக்கும். முகக்கவசத்துக்கு மேல் வியர்வை வழிகிறது. மோர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறான். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் செய்யலாம்.

9 மே

புதன்கிழமையோடு அவருக்கு 92. ஒருவர் 2015 கட்டுரையை எடுத்துப் போட்டு, “ஓய்வுபெற்ற அதிகாரி அரசியல் பேசலாமா?” என்கிறார். ஆமாம், 2015 மார்ச்சில் சர்ச்சுகள் தாக்கப்பட்ட நேரத்தில், ஒரு கிறிஸ்தவனாக என் நாட்டிலேயே அந்நியனாக உணர்கிறேன் என்று பத்திரிகையில் எழுதினார். போன செப்டம்பரில் டெல்லி கலவர விசாரணை ஒரு பக்கமாகப் போகிறது என்று டெல்லி கமிஷனருக்குக் கடிதமும் எழுதினார்.

பேசலாமா என்றால், பேச வேண்டும். பணியில் இருக்கிறவருக்கு விதி உண்டு, வாயைத் திறக்க முடியாது. வெளியே வந்த பிறகாவது உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஓய்வு பெற்ற மறு மாதமே ஏதாவது கம்பெனிக்குப் பாதுகாப்பு ஆலோசகராகப் போய் உட்காரும் அதிகாரிகளைப் பற்றி யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லையே. அவர் சொல்வதெல்லாம் எனக்கு உடன்பாடு என்றில்லை. பஞ்சாப் விஷயத்தில் இன்னும் திறந்து பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் தன் ரத்தத்தைக் கொடுத்த மனிதரிடம் தேசபக்திச் சான்றிதழ் கேட்கிற பின்னூட்டங்களைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை இங்கே ஒட்டாதீர்கள்.

2 ஆகஸ்ட்

நேற்று வர்லியில் பி.டி.டி. சால் மறுகட்டுமானத்துக்குப் பூமி பூஜை போட்டார்கள். 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி வீடு. நாய்காவும் இந்தத் திட்டத்தில் உண்டு.

தம்பி “எல்லாம் சுபம்” என்று எழுதியிருக்கிறான். முழுசாகச் சுபமில்லை. மற்ற குடியிருப்பாளர்களுக்கு வீடு சொந்தமாகும். போலீஸ் அறைகள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கணக்கு. முப்பது நாற்பது வருஷம் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆன ஹவல்தார்களும், இறந்துபோனவர்களின் குடும்பங்களும், எங்களுக்கும் வீடு கொடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கமிஷனராக இருந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற கவலை வருவதில்லை. சிப்பாய்க்கு 58 வயதில் அதுதான் முதல் கவலை.

நாய்காவில் அப்பாவோடு பழகிய ஒரு ரிட்டயர்டு ஹவல்தாரின் மகள் போன் செய்தார். மனு எழுத வேண்டுமாம். பழைய ஒதுக்கீட்டு உத்தரவு, சம்பளத்தில் வாடகை பிடித்த ரசீது, சர்வீஸ் புத்தகத்தின் நகல் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். பாதி மராத்தியில், பாதி கரையான் அரித்து. ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன். இந்த மாதிரி மனு எழுதிப் பழக்கமுள்ளவர்கள், மராத்தி சுத்தமாக எழுதத் தெரிந்தவர்கள் யாராவது வர முடியுமா? பத்து மணிக்கு ஹிந்த்மாதா பஸ் ஸ்டாப்பில் நிற்பேன்.